மேல்வாரமும் குடிவாரமும்: எட்டயபுரம் மண்ணில் நிலச் சட்டம் கடந்து வந்த வழி

எட்டயபுரம் என்றவுடன் தமிழறிந்த முஸ்லிம்களின் நினைவுக்கு முதலில் வருபவர் உமறுப் புலவர். கடிகைமுத்துப் புலவரிடம் கற்று, எட்டயபுரம் அரசவையில் புலவராக வீற்றிருந்து, அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்வைச் சீறாப்புராணமாகப் பாடிய அப்பெருந்தகை அவ்வூர் மண்ணிலேயே அடங்கியிருக்கிறார். அடுத்து நினைவுக்கு வருபவர், 1882 டிசம்பர் 11 அன்று அதே ஊரில் பிறந்த பாரதியார். இவ்விருவரையும் இலக்கிய மேடைகள் இன்றும் கொண்டாடி வருகின்றன. அந்த அவையையும் அரண்மனையையும் தம் உழைப்பால் தாங்கி நின்ற கரிசல் காட்டுக் குடியானவர்களின் வரலாறு அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

புலவருக்குப் பரிசில் அளித்த கை பாராட்டுக்குரியது; அதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் கைக்குப் பொருள் எங்கிருந்து வந்தது என்பதும் வரலாற்று மாணவன் கேட்க வேண்டிய கேள்வியே. வானம் பார்த்த பூமியில் பருத்தியும் கம்பும் சோளமும் விளைவித்த குடும்பங்கள் செலுத்திய மேல்வாரத்திலிருந்தே அது வந்தது. விளைச்சலில் ஆள்வோருக்குரிய பங்கை மேல்வாரம் என்றும், உழுது பயிரிட்டவனுக்குரிய பங்கைக் குடிவாரம் என்றும் நம் முன்னோர் வழங்கினர். இவ்விரண்டுக்கும் நடுவே கோடு எங்கே விழ வேண்டும், அதைக் கிழிக்கும் உரிமை யாருக்கு உரியது என்பதே 1802 முதல் 1949 வரை நீண்ட பெரும் வழக்கு. சட்டமியற்றும் இடத்தில் அமர்ந்தவர்கள், செல்வாக்குள்ள சிலரின் நலனுக்கும் உழைக்கும் குடும்பங்களின் தேவைக்கும் இடையே எதைத் தேர்ந்தார்கள் என்பதை இவ்வழக்கு தெளிவாகக் காட்டுகிறது. அதனையே இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

மதீனாவில் எழுந்த கேள்வி

எட்டயபுரத்தின் வழக்கைக் காணுமுன், இதே கேள்வி இஸ்லாமிய வரலாற்றின் தொடக்கத்திலேயே எழுந்து தீர்க்கப்பட்டதை நினைவுகூர்வது பொருத்தமாகும். இராக்கின் செழுமையான ஸவாத் நிலப்பகுதி கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில் முஸ்லிம்களின் ஆட்சிக்கு உட்பட்டது. வென்ற படைவீரர்களுக்கே அந்நிலத்தைப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும் என்று பிலால் (ரலி), அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) போன்ற மூத்த ஸஹாபாக்கள் வாதிட்டனர். அவர்களின் வாதம் சாதாரணமானதன்று. போர்க்களத்தில் உயிரைப் பணயம் வைத்தவர்களின் உரிமையை அவர்கள் எடுத்துரைத்தனர். உமர் (ரலி) அவர்களோ, நிலம் முழுவதையும் இன்று பங்கிட்டுவிட்டால் இனி வரும் தலைமுறையினருக்கும் விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் மிஞ்சுவது என்ன என்ற கேள்வியை முன்வைத்தார்கள். முஹாஜிர்களுடன் ஆலோசித்ததோடு நில்லாமல், அன்சாரிகளில் அவ்ஸ் கோத்திரத்தார் ஐவரையும் கஸ்ரஜ் கோத்திரத்தார் ஐவரையும் அழைத்துக் கருத்துக் கேட்டார்கள். செல்வம் செல்வர்களுக்குள்ளேயே சுழன்று வரலாகாது என்னும் கருத்தமைந்த அல்ஹஷ்ர் அத்தியாயத்தின் வசனங்கள் முடிவுக்கு ஆதாரமாயின. நிலம் அதை உழுதவர்களிடமே விடப்பட்டது. அவர்கள் மீது கராஜ் வரி விதிக்கப்பட்டது. அதன் வருவாய் பைத்துல்மாலைச் சேர்ந்தது.

முடிவு எடுத்ததோடு பொறுப்பு தீர்ந்துவிட்டதாக அவர்கள் கருதவில்லை. உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலி) அவர்களை அனுப்பி நிலத்தை அளக்கச் செய்தார்கள். அளவு மூன்று கோடியே அறுபது லட்சம் ஜரீப் என வரலாற்றாசிரியர்கள் குறிக்கின்றனர். தாம் ஷஹீதாவதற்குச் சில நாட்களுக்கு முன்னரும், உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலி), ஹுதைஃபா (ரலி) ஆகிய இருவரையும் நிறுத்தி, நிலம் தாங்க இயலாத சுமையை அதன்மீது ஏற்றிவிட்டீர்களா என்று கவலையோடு விசாரித்தார்கள். இராக்கின் விதவைகள் எவரையும் அண்டி வாழத் தேவையில்லாத நிலையை ஏற்படுத்த வேண்டும் என்ற தம் எண்ணத்தையும் அப்போது வெளியிட்டார்கள். இந்நிகழ்ச்சி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது.

ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், கலீஃபா ஹாரூன் அர்ரஷீதுக்காக இமாம் அபூயூசுஃப் (ரஹ்) ‘கிதாபுல் கராஜ்’ என்னும் நூலை எழுதினார்கள். ஹிஜ்ரி 182-இல் மறைந்த இப்பெருமகனார் தலைமைக் காஜியாக விளங்கியவர். ஒரு பகுதியின் வரியை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்து, அரசுக்கு ஒரு தொகையைக் கட்டிவிட்டு, குடிகளிடம் தாம் விரும்பியவாறு வசூலித்துக்கொள்ளும் ‘கபாலா’ முறை அக்காலத்தில் பரவியிருந்தது. அதனை அனுமதிக்கலாகாது என்று இமாம் அவர்கள் கலீஃபாவை நேரடியாக எச்சரித்தார்கள். குத்தகைக்காரன் தன் ஆதாயத்திற்காகக் குடிகள் மீது தாங்கவொண்ணாச் சுமையை ஏற்றுவான். அதனால் நிலமும் பாழாகும், குடிகளும் அழிவர் என்பதே அவ்வெச்சரிக்கையின் சாரம். ஒன்று அல்லது இரண்டு மாதங்களுக்கு ஒருமுறையேனும் கலீஃபா தாமே அமர்ந்து குடிகளின் முறையீடுகளைக் கேட்க வேண்டும் என்றும் வலியுறுத்தினார்கள்.

இமாம் அவர்கள் எச்சரித்த அதே ஏற்பாட்டை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் கிழக்கிந்தியக் கம்பெனி தமிழகத்தில் நிலைநாட்டியது. ஒருபடி மேலே சென்று அதைப் பரம்பரை உரிமையாகவும் ஆக்கியது.

பாளையம் ஜமீனான கதை

1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் வீரபாண்டியக் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801-இல் மூண்ட இரண்டாம் பாளையக்காரர் போரும் கம்பெனியின் வெற்றியில் முடிந்தது. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமாயிற்று. அதன் கிராமங்கள் கம்பெனிக்குத் துணைநின்ற பாளையங்களுக்குப் பிரித்தளிக்கப்பட்டன. அவற்றுள் முதன்மையானது எட்டயபுரம். இதனை முன்வைத்து ஒரு பரம்பரையின் பெயரையே வசைச்சொல்லாக்கிப் பேசும் வழக்கம் நாட்டில் உண்டு. நம் ஆய்வு அத்திசையில் செல்லவில்லை. ஆண்டவரின் குணம் எப்படியிருப்பினும், அடுத்து வந்த சட்டம் எல்லா ஜமீன்களிலும் ஒரே வகையான விளைவையே உண்டாக்கிற்று.

1802-ஆம் ஆண்டின் 25-ஆம் ஒழுங்குவிதி சாசுவத நிலவரித் திட்டத்தைச் சென்னை மாகாணத்தில் கொண்டுவந்தது. பாளையக்காரர்கள் ஜமீன்தார்களாயினர். அவர்கள் அரசுக்குச் செலுத்த வேண்டிய பேஷ்குஷ் தொகை என்றென்றைக்கும் மாறாததாக நிர்ணயிக்கப்பட்டது. ஜமீன்தார் குடிகளிடம் வசூலிக்கும் தீர்வைக்கோ அத்தகைய உறுதியான வரம்பு எதுவும் வகுக்கப்படவில்லை. அதே ஆண்டின் 30-ஆம் ஒழுங்குவிதி பட்டாவும் முச்சலிக்காவும் எழுதிப் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்றது. 28-ஆம் ஒழுங்குவிதியோ தீர்வை பாக்கிக்காகக் குடிகளின் உடைமையை ஜப்தி செய்யும் அதிகாரத்தை நிலவுடைமையாளர் கையில் கொடுத்தது. எழுத்தறியாத குடியானவனுக்குப் பட்டா ஒரு காகிதம். ஜப்தியோ வீட்டு வாசலில் வந்து நிற்கும் உண்மை.

இதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். விளைபொருளின் விலை ஏறியபோதும் புதிய நிலம் உழவுக்கு வந்தபோதும் அரசுக்குச் செல்லும் தொகை மாறவில்லை. கூடிய வருவாய் முழுவதும் ஜமீன்தாரைச் சேர்ந்தது. மழை பொய்த்தபோது இழப்பு குடியானவனைச் சேர்ந்தது. கண்மாயும் காடும் மேய்ச்சல் நிலமும் ஜமீன் ஆளுகையில் இருந்தமையால், விறகுக்கும் ஆட்டுக்கும் தண்ணீருக்கும்கூட அவன் அரண்மனை அலுவலரின் தயவை நாட வேண்டியிருந்தது. அடுத்த ஊர் அரசுக்கு நேரடியாக வரி செலுத்தும் ரயத்துவாரிக் கிராமமாக இருந்தால், அதே மண்ணுக்கு அங்கே ஒரு தீர்வை, இங்கே ஒரு தீர்வை என்ற நிலையும் இருந்தது.

1908: ஓர் ஆண்டு, இரு நிகழ்ச்சிகள்

ஜமீன் நிலத்தை உழுபவன் வெறும் ஆண்டுக் குத்தகைக்காரனா, அல்லது தனக்கென நிலைத்த உரிமையுடையவனா? இக்கேள்வி நீதிமன்றங்களில் நெடுங்காலம் அலைந்தது. 1897-இல் வெங்கடநரசிம்ம நாயுடு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், குடியானவனின் உரிமை ஜமீன்தார் அளித்த கொடையன்று, அது வழிவழி வந்தது என்னும் கருத்தை ஏற்றது. இத்தீர்ப்பை வழங்கியவர்களுள் ஒருவர் நீதிபதி சுப்பிரமணிய ஐயர். நீதிமன்றம் கண்ட உண்மையைச் சட்டமாக்க மேலும் பதினோர் ஆண்டுகள் தேவைப்பட்டன. 1908-ஆம் ஆண்டின் முதலாவது சட்டமான சென்னை எஸ்டேட் நிலச் சட்டம் அவ்வாண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பண்ணை நிலமல்லாத குடிநிலத்தை அனுபவிக்கும் குடியானவனுக்கு நிலைத்த அனுபோக உரிமை உண்டு. தீர்வையை ஜமீன்தார் தம் விருப்பப்படி உயர்த்த இயலாது, கலெக்டரிடம் வழக்கிட்டே உயர்த்த வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது.

அதே 1908-ஆம் ஆண்டு பிப்ரவரி 27 அன்று, எட்டயபுரத்திற்குத் தென்கிழக்கே கடற்கரையில் அமைந்த தூத்துக்குடியில், ஹார்வி நிறுவனத்தின் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை நிறுத்தத்தில் இறங்கினர். வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். மார்ச் இரண்டாம் வாரத்திற்குள் ஆலை நிர்வாகம் இறங்கி வந்து, கூலி உயர்வுக்கும் வார விடுமுறைக்கும் இசைந்தது. கரிசல் நிலத்தில் விளைந்த பருத்தியை நூலாக்கியவர்களுக்குச் சட்டம் அளிக்காததை அவர்களின் ஒற்றுமை அளித்தது. வயது வந்த ஆண் தொழிலாளியின் வேலை நேரத்திற்கு நெசவாலைகளில் சட்டம் முதன்முதலாக வரம்பு விதித்தது 1911-இல்தான். அந்த வரம்பும் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம்!

1908-இல் சட்டமியற்றிய சபையில், உழவரோ தொழிலாளரோ தம் வாக்கால் தேர்ந்தெடுத்தனுப்பிய ஓர் உறுப்பினர்கூட இல்லை என்பதை நாம் மறக்கலாகாது. அடுத்த ஆண்டு வந்த மிண்டோ - மார்லி சீர்திருத்தம் நிலவுடைமையாளருக்குத் தனி இடங்களை வழங்கியது. முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதி வழங்கியதும் அதே சீர்திருத்தமே. சொத்தும் வரியும் அடிப்படையாக அமைந்த வாக்குரிமையில், முஸ்லிம் தொகுதியிலும் வாக்களித்தவர் பெரும்பாலும் வசதி படைத்தோரே. தறியில் அமர்ந்தவனும் தோணியில் சென்றவனும் தன் சமுதாயத் தொகுதியிலும் வாக்கற்றவனாகவே இருந்தான். ஒரு சமுதாயத்திற்குச் சபையில் இடம் கிடைப்பதும், அச்சமுதாயத்தின் ஏழைக் குடும்பத்திற்குக் குரல் கிடைப்பதும் வெவ்வேறு என்பதை அக்காலம் நமக்குக் கற்பிக்கின்றது.

ஆறு இடங்களும் ஆறு இடங்களும்

1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டப்படி அமைந்த சென்னைச் சட்டமன்றத்தில் மொத்தம் 215 இடங்கள். அவற்றுள் முஸ்லிம்களுக்கு 28. நிலவுடைமையாளருக்கென 6 இடங்கள் ஒதுக்கப்பட்டன, வணிகத்திற்கும் தொழிலுக்கும் 6, தொழிலாளருக்கும் 6. மாகாணத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க ஜமீன்தார்களுக்கும் லட்சக்கணக்கான தொழிலாளருக்கும் ஒரே அளவு! இன்றைய வாசகர்க்கு இது வியப்பளிக்கலாம். அன்றைய ஆட்சியாளரின் பார்வையில் சொத்தும் ஒரு பிரஜையாகக் கருதப்பட்டது.

ஆயினும் அச்சபையில் பெரும்பான்மை பெற்ற ராஜாஜி அமைச்சரவை 1937-இல் ஜமீன் நிலை பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது. வருவாய்த்துறை அமைச்சர் த.பிரகாசம் அதன் தலைவர். 1938-இல் அக்குழு அளித்த அறிக்கை, நிலத்தின் உண்மையான உரிமையாளன் குடியானவனே, ஜமீன்தார் வரி வசூலிக்கும் பொறுப்பாளரே என்று முடிவு கூறியது. சாசுவதத் திட்டத்திற்கு முந்தைய ஆண்டின் தீர்வையே சரியான அளவு என்றும் பரிந்துரைத்தது. ஆனால் 1939 அக்டோபரில், உலகப் போரை ஒட்டி அமைச்சரவை பதவி விலகியது. குழுவின் பரிந்துரைகள் சட்டமாகாமலே நின்றன. ஒரு தலைமுறையின் முறையீடு ஏட்டளவில் உறங்கிற்று.

1949 ஏப்ரல்

1946-இல் மீண்டும் மக்களாட்சி அமைச்சரவை ஏற்பட்டது. 1947 மார்ச்சில் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் சென்னை மாகாணப் பிரதமரானார். அக்காலச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்திருந்தவர், திருநெல்வேலிப் பேட்டையைச் சேர்ந்த காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் என்பது நம் வாசகர் அறிந்ததே. ஓமந்தூரார் உழவுத்தொழிலில் ஊறிய குடும்பத்தவர். அவருடைய அமைச்சரவை முதலில் 1947-இன் 30-ஆம் எண் சட்டத்தால் ஜமீன் தீர்வையை, அண்டையிலுள்ள ரயத்துவாரிக் கிராமங்களின் தீர்வைக்கு ஒப்ப இறக்கியது. அடுத்து வந்தது 1948-இன் 26-ஆம் எண் சட்டம். ஜமீன் ஒழிப்புச் சட்டம் என்று மக்கள் வழங்கும் இதற்குக் கவர்னர் ஜெனரலின் ஒப்புதல் 1949 ஏப்ரல் 2 அன்று கிடைத்தது. அதே மாதத்தில் ஓமந்தூரார் பதவியை விட்டு விலகினார் என்பதும் வரலாற்றின் குறிப்பிடத்தக்க செய்தி.

இச்சட்டம் செய்தது என்ன? ஜமீன் முழுவதும், அதன் கண்மாய்களும் காடுகளும் புறம்போக்கும் உட்பட, அரசைச் சேர்ந்தன. குடிநிலத்தை உழுதவனுக்கு ரயத்துவாரிப் பட்டா வழங்கப்பட்டது. ஜமீன்தாருக்கு அவருடைய பண்ணை நிலம் மட்டும் விடப்பட்டு, ஏனையவற்றுக்கு இழப்பீடு அளிக்கப்பட்டது.

இழப்பீட்டை வகுத்த முறை சிந்தனைக்குரியது. ஜமீனின் நிகர வருவாயிலிருந்து ஓர் அடிப்படை ஆண்டுத்தொகை கணக்கிடப்படும். அது 1,000 ரூபாய்க்கு மிகாதிருப்பின் அதைப்போல் முப்பது மடங்கு இழப்பீடு. தொகை ஏற ஏற மடங்கு இறங்கும்: 25, 20, பதினேழரை, 15 என்றவாறு குறைந்து, ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட பெரிய ஜமீன்களுக்குப் பன்னிரண்டரை மடங்காக முடியும். 1,000 ரூபாய்க்காரருக்கு 30,000 ரூபாய். இரண்டு லட்சத்துக்காரருக்கு 25 லட்சம். வருவாயில் இருவருக்கும் இருநூறு மடங்கு வேறுபாடு. இழப்பீட்டிலோ ஏறத்தாழ எண்பத்து மூன்று மடங்கே. உடைமையாளர் எவரையும் வெறுங்கையோடு அனுப்பாமலும், பெரியவருக்கும் சிறியவருக்கும் ஒரே தராசைப் பிடிக்காமலும் செய்யப்பட்ட ஏற்பாடு இது. நீதி என்பது எல்லோருக்கும் ஒரே எண்ணைக் கொடுப்பதன்று, அவரவர் தாங்கும் அளவை அறிந்து கொடுப்பது என்னும் ஃபிக்ஹ் நெறியை அறிந்தோர்க்கு இது புதிதாகத் தோன்றாது.

இவ்வாறு மடங்கை மாற்றி வகுத்ததே பிற மாநிலத்தில் வழக்குக்குக் காரணமாயிற்று. பீகாரின் நிலச் சீர்திருத்தச் சட்டம், பெரிய ஜமீன்தாருக்கும் சிறியவருக்கும் வேறு வேறு விகிதத்தில் இழப்பீடு தருவதால் சமத்துவ உரிமைக்கு மாறானது என்று 1951 மார்ச்சில் பாட்னா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தர்பங்கா மகாராஜா காமேஸ்வர் சிங் தொடுத்த வழக்கு அது. அவ்வாண்டு ஜூன் மாதமே நாடாளுமன்றம் அரசியலமைப்பின் முதல் திருத்தத்தைக் கொண்டுவந்து, இத்தகைய சட்டங்களுக்குப் பாதுகாப்பு அளித்தது. பேச்சுரிமைக்குக் கூடுதல் கட்டுப்பாடு விதித்ததும் அதே திருத்தம் என்பதால் அதன்மீது கண்டனங்கள் உண்டு. நிலத்தைப் பொறுத்தமட்டில், செல்வாக்குள்ளோரின் வாதத்திறமை குடியானவனின் பட்டாவைத் தட்டிப் பறித்துவிடாமல் அது தடுத்தது.

பட்டா சென்றடையாத வீடு

இத்துடன் வரலாறு நிறைவுற்றதாகக் கருதுவது பிழையாகும். 1948-இன் சட்டம் பட்டாவை நிலத்தை அனுபவித்த குடியானவனிடம் கொடுத்தது. அவனுடைய நிலத்தில் கூலிக்குக் களையெடுத்த பெண்ணுக்கும் ஆண்டுக் கணக்கில் பண்ணையாளாக இருந்தவனுக்கும் அச்சட்டத்தில் பங்கில்லை. ஜமீன்தாருக்குக் கீழே இருந்தவர் உரிமை பெற்றார். அவருக்கும் கீழே இருந்தவர் இருந்த இடத்திலேயே நின்றார். பண்ணை நிலம் எது, குடிநிலம் எது என்னும் வழக்குகளிலும், ஆவணம் வைத்திருந்தவர்க்கே வெற்றி எளிதாயிற்று.

பின்வந்த சட்டங்கள் இக்குறையைச் சிறிது சிறிதாக நிரப்ப முயன்றன. 1955-இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961-இல் நில உச்சவரம்புச் சட்டம் ஐவர் கொண்ட குடும்பத்திற்கு 30 தர ஏக்கர் என வரம்பு கட்டியது. 1970-இல் அது 15 தர ஏக்கராகக் குறைக்கப்பட்டது. ஆயினும் 1961-இன் சட்டத்தில் தோட்டப் பயிர்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் கொடுக்கப்பட்ட விலக்குகள் பலருக்குத் தப்பும் வழியாயின. செல்வாக்குள்ளோர் ஒரு சட்டத்தை எதிர்த்து நிற்க இயலாதபோது, அதற்குள் ஒரு விலக்கைப் புகுத்த முயல்வர் என்பது சட்ட வரலாறு முழுவதும் காணக்கிடைக்கும் உண்மை. விவசாயத் தொழிலாளரின் கூலிப் போராட்டத்தில், 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் நெருப்புக்கு இரையாயின. 1969-இல் வந்த நியாயக் கூலிச் சட்டமும் கீழத்தஞ்சைப் பகுதிக்கே உரியதாக அமைந்தது. கரிசல் காட்டின் கூலிப்பெண் அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே நின்றாள்.

நம் சமுதாயத்திற்கு நெருங்கிய சான்று ஒன்றையும் சுட்ட வேண்டும். அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில், மேலப்பாளையம் முதலிய ஊர்களில், ஆயிரக்கணக்கான முஸ்லிம் பெண்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பீடி சுற்றிக் குடும்பம் காத்தனர். இலையும் தூளும் கடைக்காரர் கொடுப்பார். சுற்றிய பீடியை அவரே பெற்றுக்கொள்வார். ஆனால் அப்பெண் தம் தொழிலாளி அல்லள் என்பார். வீட்டிலிருந்து வேலை செய்பவரும் தொழிலாளரே என்று 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வரையறுத்தது. உற்பத்தியாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை சென்றனர். 1974-இல் அந்நீதிமன்றம் சட்டத்தை உறுதி செய்தது. 1976-இல் பீடித் தொழிலாளர் நலநிதிச் சட்டம் வந்தது. ‘தொழிலாளி’ என்னும் ஒரு சொல்லின் பொருளை விரித்ததால் எத்தனையோ திண்ணைகளுக்குச் சட்டம் சென்று சேர்ந்தது. 1966-இன் அச்சட்டமும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுள் அடங்கிவிட்டது. அப்பெண்களின் பாதுகாப்பு புதிய தொகுப்பில் குன்றாமல் இருக்கின்றதா என்று விழிப்போடு கவனிப்பது சமுதாயத் தலைவர்களின் கடமையாகும்.

அண்மைக் காலத்திலும் இரு சான்றுகள் உள்ளன. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம், கடைகளில் நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்யும் பணியாளருக்கு இருக்கை அளிக்க வேண்டும் என்று சட்டத் திருத்தம் செய்தது. நம் வணிகர் பலரின் துணிக்கடைகளையும் நகைக்கடைகளையும் தொடும் சட்டம் அது. அதே சட்டமன்றம் 2023 ஏப்ரல் 21 அன்று, பன்னிரண்டு மணி நேர வேலைநாளுக்கு வழிவிடும் திருத்த மசோதாவை நிறைவேற்றியது. 1911-இன் வரம்பு நூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வருவதுபோல் இருந்தது. தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன, தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. மூன்றே நாட்களில் மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே முதல் நாளன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். அதே உறுப்பினர்கள், அதே அவை. இரு வேறு முடிவுகள். முன்னதில் நின்று களைத்த பெண்ணின் கால்கள் அவர்கள் கண்முன் இருந்தன; பின்னதில் முதலீட்டாளரின் கோரிக்கையே முன்னின்றது.

குழந்தையின் அழுகுரல்

சட்டமியற்றியவர் தம் சட்டத்தையே திருத்திய ஒரு நிகழ்ச்சியை இவ்விடத்தில் எண்ணிப் பார்ப்போம். உமர் (ரலி) அவர்கள் பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை வழங்கும் ஏற்பாட்டைச் செய்தபோது, பால்குடி மறந்த குழந்தைகளுக்கே தொகை என்று விதித்திருந்தார்கள். ஓர் இரவு நகரைச் சுற்றி வருகையில் ஒரு குழந்தையின் ஓயாத அழுகுரல் கேட்டது. அதன் தாயை விசாரித்தபோது, தொகையைப் பெறும் பொருட்டுக் குழந்தையைக் காலத்திற்கு முன்னரே பால்குடி மறக்கச் செய்ய முயல்வதாக அவள் சொன்னாள். கேட்பவர் கலீஃபா என்று அவளுக்குத் தெரியாது. மறுநாள் காலைத் தொழுகைக்குப் பின், பிறக்கும் குழந்தைகள் அனைவருக்கும் பிறந்தது முதலே தொகை உண்டு என்று பிரகடனம் செய்தார்கள். ஏழைகளுக்கு உதவவென்றே வகுத்த விதி ஓர் ஏழைத் தாயின் மடியில் எவ்வாறு செயல்படுகிறது என்பதை நேரில் கண்டதால் வந்த திருத்தம் அது.

நம் அரபிக் கல்லூரிகளில் கராஜ், ஃபய்உ பற்றிய பாடங்களை நடத்துகிறோம். மாணவர்கள் ஜரீபையும் கஃபீஸையும் மனனம் செய்கின்றனர். இன்று நடைமுறையில் இல்லாத சட்டங்கள் என்றெண்ணித் தேர்வோடு அவற்றை மறந்தும் விடுகின்றனர். மேல்வாரமும் பேஷ்குஷும் அப்பாடத்தின் மறுபக்கம் என்பதை அவர்களுக்கு எடுத்துக்காட்டுவோர் மிகச் சிலரே. இமாம் அபூயூசுஃப் (ரஹ்) எச்சரித்த கபாலாவுக்கு அருகே 1802-இன் ஒழுங்குவிதியையும், உமர் (ரலி) அவர்களின் ஸவாத் முடிவுக்கு அருகே 1948-இன் 26-ஆம் எண் சட்டத்தையும் வைத்துக் கற்பிப்போமாயின், மாணவன் இரண்டையும் ஒருசேர விளங்கிக்கொள்வான். நாளை அவன் ஒரு மஹல்லாவின் இமாமாக அமரும்போது, சட்டமன்ற உறுப்பினர் பள்ளிவாசலுக்கு வருகை தந்தால், சுற்றுச்சுவருக்கும் வளைவுக்கும் மட்டும் மனுக்கொடுக்காமல், அம்மஹல்லாவில் பீடி சுற்றும் பெண்ணின் கூலியைப் பற்றியும் கடையில் நிற்கும் பையனின் வேலை நேரத்தைப் பற்றியும் கேட்கும் தகுதியைப் பெறுவான்.

எட்டயபுரத்தில் உமறுப் புலவரின் அடக்கத்தலத்திற்குச் செல்லும் அன்பர்கள் ஊரைச் சுற்றியுள்ள கரிசல் காட்டையும் ஒருமுறை பார்த்து வருதல் நன்று. சீறாவைப் பாடியவரைப் பேணிய பொருள் அம்மண்ணிலிருந்து வந்தது. அம்மண்ணை உழுத குடும்பத்தின் பெயரில் பட்டா எழுதப்படுவதற்கு, புலவர் மறைந்தபின் இரண்டரை நூற்றாண்டுகள் ஆயின. அதே மண்ணில் இன்றும் கூலிக்குக் களையெடுப்பவளுக்குச் சட்டம் எப்போது சென்று சேரும் என்பதற்குச் சபையில் அமர்ந்திருப்போரும், அவர்களைத் தேர்ந்தெடுத்தனுப்பும் நாமும் பதில் சொல்லியாக வேண்டும்.